அப்பு, முயலக்கா, ஒரு சுங்குடித் துண்டு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். "முயலக்கா இப்பதான் எந்திரிச்சாங்க, அதான் லேட்டு" என்று அந்தச் சின்னப் பெண்ணே என்னிடம் காரணம் சொன்னாள். பின்னால் நின்ற அவள் அம்மா சங்கடமாகச் சிரித்தார். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. படத்துக்கு உட்கார வருகிறவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து வருவது நல்லதுதான்.

பிள்ளைகள் விடாமல் வைத்திருக்கும் பொம்மைகளை வரைவது ஆறு வருஷமாக என் வேலை. கடையிலிருந்து வந்த புதுசில் யாரும் கொண்டுவர மாட்டார்கள். நாலைந்து வருஷம் இழுத்து, கடித்து, சோறு ஊட்டி, மழையில் நனைத்து, கட்டிக்கொண்டு தூங்கி, இது கரடியா நாயா என்று பெற்றவர்களுக்கே சந்தேகம் வருகிற நிலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பொம்மை என்னிடம் வரும். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் மேஜை, மேஜை மேல் ஒரு மணை. பொம்மை மணையில் உட்காரும். அதன் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி நான் தணிவாக உட்கார்ந்துகொள்வேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் மனித முகம் வரையப் படித்தபோது பிடிபட்ட விஷயம் அது: மேலே இருந்து பார்த்து வரைந்தால் எதிரில் இருப்பவர் சின்னவராகிவிடுவார். பெரியவர்கள் பொம்மையை எப்போதும் மேலே இருந்துதான் பார்க்கிறோம். அதை வைத்திருக்கும் பிள்ளை படுத்துக்கொண்டு மூக்கோடு மூக்கு வைத்துப் பார்க்கிறது.

முதலில் வரைந்தது என் தங்கை மகனுடைய யானை. பெயர் அப்பு, சாம்பல் நிறம், ஒரு முழம் இருக்கும். அவனுக்கு மூன்றரை வயதில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது, பொம்மை கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், முதல் வாரம் முழுக்கக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். படம் என்றால் பையில் வைத்துக்கொள்ளலாமே என்று தங்கைக்குத் தோன்றியது. நான் அப்போது வெளியூரில் இருந்ததால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அவன் முதல் பிறந்தநாளுக்கு அப்புவை வாங்கிய அன்று எடுத்தது, தெளிவாக இருக்கும் என்று தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள். நானும் ராத்திரி உட்கார்ந்து நன்றாகவே வரைந்தேன். காது விறைப்பாக, தும்பிக்கை மேலே தூக்கி, முடியெல்லாம் புசுபுசுவென்று. அவன் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "இது அப்பு இல்ல பெரியம்மா. இது கடை யானை."

அவன் சொன்னது எவ்வளவு சரி என்று அப்புவை நேரில் பார்த்த அன்றுதான் புரிந்தது. தும்பிக்கை கீழே விழுந்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை, தலை அப்படியே நெஞ்சின் மேல் சாய்ந்து கிடந்தது. இடது காதின் ஓரம் மட்டும் கறுத்து, தோல் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. தூக்கம் வரும்போது அந்தக் காதைத்தான் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பான். நான் வரைந்த படத்தில் இரண்டு காதும் ஒரே மாதிரி இருந்தன. அப்புவை எதிரில் உட்கார வைத்து மறுபடி வரைந்தேன். உள்ளங்கை அளவுதான், ஒன்றாம் வகுப்பு முடிகிறவரை அவன் பையின் முன் ஜிப்புக்குள் இருந்தது.

யானை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கீங்கன் என்ற ஊரில் மார்கரெட் ஷ்டைஃப் என்று ஒரு தையல்காரர் இருந்தார். குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து நடக்க முடியாமல் போனவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தைத்தே பிழைத்தவர். 1880-இல் அவர் ஃபெல்ட் துணியில் குட்டி யானைகள் தைத்தார், குண்டூசி குத்தி வைப்பதற்காக. பிள்ளைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்தார்கள், அப்படித்தான் ஷ்டைஃப் பொம்மைக் கம்பெனியே வளர்ந்தது. டெடி கரடி வந்தது அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. 1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட, அதை கிளிஃபோர்ட் பெரிமன் கார்ட்டூனாக வரைய, புரூக்லினில் கடை வைத்திருந்த மிக்டம் தம்பதி அந்தக் கார்ட்டூன் கரடியைத் துணியில் தைத்துக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். கரடிக்கு முன்னால் வந்தது யானைதான் என்று தங்கை மகனிடம் சொன்னேன், அவனுக்கு அவ்வளவு பெருமை, அப்புவின் காதுக்குள் போய் அதைச் சொன்னான். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. டெடி கரடிக்குப் படம் முதலில் வந்தது, பொம்மை அப்புறம் வந்தது. நான் அதே பாதையில் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன்.

அப்புவின் கழுத்து ஏன் போனது என்று அப்போது யோசித்ததுதான் இப்போது என் முதல் வேலை. பிள்ளை எந்த இடத்தைப் பிடித்துத் தூக்குகிறதோ அந்த இடத்தில் உள்ளே இருக்கிற பஞ்சு இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும், நடுவில் வெறும் துணி நிற்கும். கழுத்தைப் பிடித்தால் தலை தொங்கும், ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தால் தோள் இறங்கி அந்தக் கை மட்டும் நீண்டுவிடும். இப்போதெல்லாம் பாலியஸ்டர் பஞ்சுதான், அது நகரும், ஆனால் ஓரளவு எழும்பி நிற்கும். பாட்டி தைத்துக் கொடுத்த பொம்மையில் இலவம்பஞ்சு இருக்கும், அது ஒரு தடவை நனைந்தால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், வயிற்றைத் தொட்டால் உள்ளே நெல்லிக்காய் மாதிரி உருளும். வரைவதற்கு முன்னால் பொம்மையைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்பேன், கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். அந்தப் பள்ளமும் மேடும் விரலுக்குத் தெரிந்த பிறகு பென்சில் பிடித்தால் கோடு தானாகச் சரியான இடத்தில் இறங்கும். கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, அப்போது அவர்கள் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன்.

பெற்றவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அந்தக் கண்ணை மட்டும் போட்டுடுங்க மேடம்." "காதுல ஒட்டுத் தையல் இருக்கு, அதைக் காட்ட வேணாமே." "கொஞ்சம் வெள்ளையாக் காட்டுங்க, முன்னாடி நல்ல வெள்ளை அது." அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து மாட்டி வைக்கிற படத்தில் பொம்மை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு, நாம் போட்டோ எடுக்கும்போது தலை சீவிக்கொள்வதில்லையா. ஆனால் நான் செய்ய மாட்டேன், செய்ய மாட்டேன் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாய்ப் பொம்மை வந்தது, வலது கண் இல்லை, அந்த இடத்தில் இரண்டு நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா கண் போடச் சொன்னார். பையன் மேஜை ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு நின்றவன், மெதுவாக என்னிடம், "அது அந்தப் பக்கம் தூங்குது" என்றான். இடது கண் முழித்திருந்து அவனைப் பார்த்துக்கொள்ளும், வலது கண் தூங்கும், ராத்திரி முழுக்க ஒரு நாய் முழித்தே இருக்க முடியாது இல்லையா. அவன் அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணை வரைந்து கொடுத்திருந்தால் அந்த நாயின் தூக்கத்தை நான் கெடுத்திருப்பேன்.

லண்டனில் டொனால்ட் வினிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வும் செய்தவர், 1953-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தை பிடித்துக்கொள்ளும் முதல் பொருள், அது கம்பளித் துண்டோ கரடியோ, குழந்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிற ஒன்று, அது தானும் இல்லை அம்மாவும் இல்லை என்பது அவர் கண்டது. அந்தக் கட்டுரையில் எனக்கு மனசில் நின்றது வேறு: அந்தப் பொருளைக் குழந்தை மட்டும்தான் மாற்றலாம், வேறு யாரும் மாற்றக் கூடாது. அழுக்காகட்டும், நாறட்டும் என்று அம்மாக்கள் விட்டுவிடுவதையும், துவைத்தால் குழந்தைக்கு ஏதோ ஒன்று அறுந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் துவைக்காமல் எத்தனை நாள் வைக்க முடியும்? பிள்ளை தூங்கின பிறகு வாஷிங் மெஷினில் போட்டு, விடிவதற்குள் காயவைத்து, மறுபடி கைக்குள் செருகிவிட்டுப் பயந்துகொண்டே காத்திருக்கும் எத்தனையோ அம்மாக்களை எனக்குத் தெரியும்.

இதில் நான் அதிக நாள் யோசித்தது ஒரு பொம்மையே இல்லாத பொம்மையைப் பற்றி. மதுரைக் குடும்பம், வேலைக்காகத் திருச்சிக்கு வந்தவர்கள். பையனுக்கு நாலு வயது, அவனிடம் இருந்தது அவன் அம்மாச்சியின் சுங்குடிச் சேலைத் துண்டு ஒன்று, அதற்குப் பெயர் லேலை. சேலை என்று சொல்ல வராத வயதில் வைத்த பெயர். இரண்டு கை அகலம், மாம்பழ நிறம், கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பழைய சுங்குடி. அச்சடித்த சுங்குடியில் புள்ளி வட்டமாக, ஒன்று போல இருக்கும். இதில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் சதுரமாக, கொஞ்சம் கோணலாக, நடுவில் சாயம் தொட்ட ஒரு துளியோடு இருந்தது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்குக் கரடி வேண்டாம், அம்மா சேலை போதும்! அதை யாரும் பொம்மைக் கணக்கில் சேர்ப்பதில்லை, இதைப் போய் எப்படிப் படமாக வரையச் சொல்வது என்று அந்த அம்மாவே தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

அம்மாச்சி கெட்டிக்காரர். ஒன்று துவைக்கும்போது இன்னொன்று இருக்கட்டும் என்று, அதே சேலையில் அதே அளவுக்கு இன்னொரு துண்டும் வெட்டி வைத்திருந்தார். அதே நிறம், அதே புள்ளி, அதே பழசு. பையன் அதை மூக்கில் ஒரு தடவை வைத்துவிட்டுக் கீழே போட்டான். "இது லேலை இல்ல." வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு பரிசோதனை ஞாபகம் வந்தது. பிரிஸ்டலில் புரூஸ் ஹூட், யேலில் பால் ப்ளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்டது. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டி, இதில் எதை வைத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று வரும் என்று நம்ப வைத்தார்கள். சாதாரணப் பொம்மை என்றால் புதிதாக வந்ததை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆட்சேபம் இல்லை. கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மை என்றால் பெரும்பாலானவர்கள் தன்னுடையதையே திருப்பிக் கேட்டார்கள், சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. அந்தப் பரிசோதனையைப் படித்ததிலிருந்து என் வேலையைப் பற்றி எனக்கே ஒரு பயம் உண்டு. நானும் பெட்டிதானே? படம் இன்னொரு லேலையாக வந்து நின்றால் அவன் அதையும் கீழே போடுவான். அதனால் படம் படமாகவே இருக்க வேண்டும், அதே சமயம் அது லேலையைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும். இதைச் சொல்ல வருகிற அளவுக்குச் செய்ய வருவதில்லை.

லேலையை மேஜையில் வைக்க அவன் சம்மதித்தான், ஆனால் ஒரு விரல் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரி, இருக்கட்டும் என்றேன். அரை மணி நேரம் நின்றான், கால் மாற்றி மாற்றி நின்றான், விரலை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், நகத்தில் கொஞ்சம் அழுக்கு, துணியின் ஓர முடிச்சை அழுத்திக்கொண்டு. துணியின் மடிப்புகளெல்லாம் அந்த விரலிலிருந்துதான் புறப்பட்டு வந்தன, அது இல்லாமல் வரைந்தால் மடிப்புக்குக் காரணமே இல்லாமல் போயிருக்கும். அதனால் விரலையும் வரைந்தேன். மூன்று தடவை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தேன், மொத்தம் 214 புள்ளி, எண்ணிவிட்டேன். படத்தை வாங்கிய அம்மா விரலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அம்மாச்சிக்கு வீடியோ கால் போட்டார்.

வரைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம். முடியை முடி முடியாக வரையாதீர்கள். வெளிச்சம் நிழலாக மாறுகிற இடத்திலும் ஓரத்திலும் மட்டும் முடி காட்டினால் மீதியைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும். பழைய பொம்மையின் முடி சடை பிடித்திருக்கும், அதற்கு மயிர் விரிந்து தூக்கிப் போட வேண்டிய பிரஷ்தான் சரி, ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டுக் காய்ந்த மாதிரி இழுக்க வேண்டும். வழுக்கையான இடத்தில் துணியின் நெசவு தெரியும், அதைச் சின்னச் சின்னக் கட்டமாகக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி வைப்பதில் ஜாக்கிரதை. புது பிளாஸ்டிக் கண்ணில் ஜன்னல் அப்படியே தெரியும், நான்கு மூலையோடு. தரையில் உரசி உரசிக் கீறல் விழுந்த கண்ணில் ஜன்னல் தெரியாது, வெளிச்சம் மங்கலாகப் பரவி நிற்கும். பழக்கத்தில் அங்கேயும் ஒரு பளிச் புள்ளி வைத்தால் வயசு போய்விடும்.

நிறத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு பன்றிக்குட்டி, அதன் பளபள ரோஸுக்கு ஓபரா ரோஸ் என்கிற வண்ணத்தைத் தவிர வேறு எதுவும் கிட்டே வரவில்லை, சந்தோஷமாக அதையே போட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து அந்த வீட்டிலிருந்து போட்டோ வந்தது, பன்றிக்குட்டி வெளுத்துப்போயிருந்தது. ஓபரா ரோஸில் இருக்கிற ஒளிரும் சாயம் வெளிச்சம் பட்டால் நிற்காது, இது வரைகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம், நான்தான் குழாயின் மேல் பொடி எழுத்தில் இருந்த நிறமி எண்ணைப் பார்க்கவில்லை. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள், அது வேறு. குழந்தை "பன்னி சோர்ந்து போச்சு" என்று சொன்னதாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காசு வாங்காமல் மறுபடி வரைந்து கொடுத்தேன், குவினாக்ரிடோன் ரோஸ், நிறமி எண் பிவி 19. அவ்வளவு பளிச்சென்று இராது, ஆனால் இருக்கும். இப்போது குழாயைத் திருப்பி எண் பார்க்காமல் எதையும் தட்டில் பிதுக்குவதில்லை.

சரி, முயலக்கா. அந்த முயலை அம்மா ஏழாம் மாதத்தில் வாங்கி வைத்தார், அதனால் அது அவளைவிட மூத்தது, அதனால் அக்கா, அதனால் "வாங்க போங்க". ஐந்து வயதுக் குழந்தையின் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. வெள்ளை முயல், இப்போது பழைய வேட்டி நிறம். ஒரு காது ஒரு தடவை அறுந்து, வெள்ளை நூல் கையில் இல்லாத நேரத்தில் அப்பா நீல நூலால் தைத்தது. அந்த ஒரு விரற்கடை நீலத்தை வரைய எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! முயலக்கா மணையில் உட்காரவில்லை, அவள் மடியில் உட்கார்ந்தது, அவள் மணையில் உட்கார்ந்தாள். நான் வரைந்த நேரம் முழுக்க அவளுடைய வலது கை முயலின் முதுகுக்குப் பின்னால் இருந்தது, கட்டைவிரல் மட்டும் அசைவது தோளில் தெரிந்தது. தாங்கிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துப் படம் வாங்க வந்தார்கள். அவள் முதலில் பார்க்கவில்லை, முயலக்காவைத் திருப்பிப் படத்துக்கு எதிரே பிடித்தாள், அவர்கள் பார்த்து முடிகிறவரை காத்திருந்தாள். அப்புறம் தான் பார்த்தாள். நீல நூலைத் தொட்டுச் சிரித்தாள். பிறகு காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினாள்.

"லேபிள் எங்க ஆன்ட்டி?"

முயலின் வாலுக்குப் பக்கத்தில், தையலுக்கு நடுவில், வழவழப்பான சாட்டின் துணியில் ஒரு சின்ன லேபிள் இருந்தது. அவள் கட்டைவிரல் அவ்வளவு நேரமும் தேய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். எழுத்தெல்லாம் போய்விட்டது, துவைக்கும் தொட்டி மாதிரி போடுவார்களே, அந்தக் குறி மட்டும் பாதி தெரிந்தது. முன்பக்கம் பார்த்து வரைந்தால் லேபிள் தெரியாதுடா கண்ணு என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியாது. ஆனா இருக்குல்ல?" என்றாள்.

இருக்கிறது. காகிதத்தைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்தேன், வெளிச்சத்தில் முன்பக்கத்து முயல் நிழல் மாதிரி பின்பக்கம் தெரிந்தது. வால் எங்கே வரும் என்று அவளே விரல் வைத்துக் காட்டினாள், அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மேஜையில் குப்புறப் போட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு லேபிளை வரைந்தேன். சாட்டினின் மினுக்கத்துக்கு ஒரு பக்கம் காகிதத்தை வெறுமனே விட்டு, மறுபக்கம் ரொம்ப லேசான சாம்பல். கடைசியாகப் பாதித் தொட்டி. அவள் மூச்சு என் முழங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது.

காய்ந்துவிட்டதா என்று மூன்று தடவை கேட்டாள். காய்ந்ததும் முயலக்காவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டைவிரலை அந்த லேபிள் மேலும் இன்னொன்றை இந்த லேபிள் மேலும் வைத்து, இரண்டையும் சேர்த்து மெதுவாகத் தேய்த்தாள்.